கிரிஸ்டல் செட்டுக்கு ஆண்டு குறிக்கும் முன்



ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடித்து, விடுமுறை நாளில் பெங்களூரு சிக்பேட்டை ஞாயிற்றுச் சந்தையிலும் நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் கிரிஸ்டல் ரேடியோ தேடுகிறவர்கள் நீங்கள். மின்சாரமும் பாட்டரியும் இல்லாமல், நிலையம் அனுப்பும் அலையின் ஆற்றலை மட்டுமே கொண்டு ஹெட்போனில் பேசும் கருவி அது. கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "இது எந்த வருஷத்துச் செட்?" என்றுதான். அதற்கு விடை காண ஒழுங்கான வழி உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கே உரிய தடயங்களும் உண்டு. தவறான ஆண்டு ஒருமுறை குறிப்புச் சீட்டில் ஏறிவிட்டால் அடுத்து வருபவரும் அதையே எழுதுவார். செட் சொல்ல வந்த உண்மை அதோடு மறைந்துபோகும். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

1. முதலில் அது கிரிஸ்டல் செட்தானா என்று உறுதி செய்யுங்கள்.

காயில், நிலையம் மாற்ற ஓர் ஏற்பாடு, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டர், ஹெட்போன் மாட்டும் இடம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஏரியலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, ஹெட்போனுக்கு இரண்டு எனப் பெரும்பாலும் நான்கு டெர்மினல்கள் தெரியும். வால்வு சாக்கெட் இருந்தால் அது வேறு வகை. பாட்டரி இணைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். கார்போரண்டம் டிடெக்டருக்காகச் சிறு பாட்டரி வைத்த செட்டுகள் மட்டும் விதிவிலக்கு. பழைய டெலிபோனின் இண்டக்‌ஷன் காயிலையும் தந்தி பழகும் பஸ்ஸரையும் ரேடியோ என்று சொல்லி விற்பது உண்டு. மூடியைத் திறந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று தாளில் வரைந்துவிட்டுப் பிறகு பெயர் சொல்லுங்கள்.

2. செட்டைப் பார்க்கும் முன் நிலையத்தை நினையுங்கள்.

கிரிஸ்டல் செட் தானாக ஒலியைப் பெருக்காது. பக்கத்தில் வலுவான நிலையம் இருந்தால்தான் பேசும். ஆகவே இந்த மண்ணில் ஒரு செட் எப்போது பேசியிருக்க முடியும் என்பதை ஒலிபரப்பு வரலாறே சொல்லிவிடும்.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தது. முதல் டிரான்ஸ்மிட்டர் 40 வாட். பிறகு 200 வாட். பணமுடையால் 1927இல் கிளப்பின் ஒலிபரப்பு நின்றது. 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி அதைத் தொடர்ந்தது. மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935இல் தம் வீட்டிலிருந்து நடத்திய 'ஆகாசவாணி' 30 வாட்டில் தொடங்கியது. அகில இந்திய வானொலி சென்னையில் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சியில் 1939 மே 16 அன்றும் வந்தது. ஓசூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மைசூரும் திருச்சியும் தொலைவுதான். அந்த வலுவில் அவ்வளவு தூரத்து நிலையத்தை இங்கே கிரிஸ்டல் செட்டில் அன்றாடம் கேட்டிருக்க வழியில்லை.

மைசூர் நிலையம் பெங்களூருக்கு மாறியது 1955 நவம்பரில். பெங்களூரு நமக்கு 40 கிலோமீட்டர்தான். ஓசூரில் கிரிஸ்டல் செட் பழக்கமானது அதன் பிறகே இருக்க முடியும். தமிழ் வீட்டுக் கூரையில் கட்டிய ஏரியலில் கன்னடப் பாட்டு இறங்கிய காலம் அது. ஆகவே, "எங்கள் தாத்தா 1925இல் ஓசூரில் இதில்தான் பாட்டுக் கேட்டார்" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் செட் உண்மையிலேயே 1925ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் சென்னையிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ இங்கிலாந்திலோ வேலை செய்துவிட்டுப் பெட்டியோடு வந்த செட்டாகத்தான் அது இருக்கும்.

3. வந்த வழியை அன்றைக்கே எழுதுங்கள்.

யாரிடம், எந்த ஊரில், எந்தப் பொருள்களோடு சேர்ந்து கிடைத்தது என்பதை வாங்கிய நாளிலேயே குறித்துவிடுங்கள். பெங்களூரு கண்டோன்மென்ட் பங்களாவிலிருந்து ஏலத்துக்கு வந்த பெட்டி ஒரு வகை. கோலார் தங்கவயல் குடும்பத்தில் இருந்து வந்தது இன்னொரு வகை. கெலமங்கலத்தில் பள்ளி மாணவர் ஒருவர் செய்துவைத்தது மூன்றாம் வகை. ஒரே மாதிரி காயிலும் கம்பியும் இருந்தாலும் மூன்றின் வரலாறும் வேறு. விற்பவர் சொல்வதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள். நீங்கள் பார்த்ததைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

அந்நாளில் ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் புத்தகம் செட்டோடு கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. அதிலுள்ள குடும்பத்தார் பெயரையும் முகவரியையும் ஊரறியக் காட்டாமல் பாதுகாத்து வையுங்கள்.

4. செட்டோடு வந்த கடைச் சீட்டிலுள்ள முகவரியையும் விலையையும் படியுங்கள்.

நம் எல்லைப் பகுதிக்கு இது பெரிய வரம். நிர்வாக எல்லைகள் மாறிக்கொண்டே வந்ததால் ஒரு முகவரிச் சீட்டே காலத்தைச் சொல்லிவிடும். 'சேலம் மாவட்டம், ஓசூர்' என்றிருந்தால் 1965 அக்டோபர் 2க்கு முந்தையது. அன்றுதான் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 'தர்மபுரி மாவட்டம், ஓசூர்' என்றால் அதற்கும் 2004 பிப்ரவரிக்கும் இடைப்பட்டது. 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று அச்சிட்ட சீட்டு 2004 பிப்ரவரி 9க்குப் பிந்தையது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற பெயர் 1969 ஜனவரி வரை. 'மைசூர் ஸ்டேட்' 1973 நவம்பர் 1 வரை. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சானது.

விலையும் அப்படித்தான். ரூபாய், அணா, பைசா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964 ஜூனுக்கும் இடையில். செய்முறைத் தாளில் 'கிலோசைக்கிள்' என்றிருப்பதும் 'கிலோஹெர்ட்ஸ்' என்றிருப்பதும் காலத்தைப் பிரிக்கும். ஹெர்ட்ஸ் என்ற அலகு உலக அளவில் ஏற்கப்பட்டது 1960இல். புழக்கத்துக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

ஓர் எச்சரிக்கை: கடைக்காரர்கள் பழைய சீட்டையும் பில் புத்தகத்தையும் தீரும்வரை பயன்படுத்துவார்கள். பழைய பெயர் சில ஆண்டுகள் தங்கும். புதிய பெயர் முன்கூட்டி வராது. அதனால் புதிய பெயரை உறுதியான சான்றாகவும் பழைய பெயரைச் சற்றுத் தளர்வான சான்றாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. டிடெக்டரில் அதிக நேரம் செலவிடுங்கள்.

செட்டின் உயிர் அதுதான். கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லின் மேல் மெல்லிய கம்பி முனை தொட்டிருக்கும் அமைப்பு மிகப் பழையது. ஜகதீச சந்திர போஸ் கலீனாவைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1906இல் பிக்கார்ட் என்பவர் சிலிக்கன் கல்லுக்கும், டன்வுடி என்பவர் கார்போரண்டத்துக்கும் காப்புரிமை பெற்றனர். 1920களின் தொடக்கத்துச் செட்டுகளில் கல்லும் கம்பியும் பித்தளைத் தூண்களுக்கு நடுவே திறந்தபடி இருப்பது வழக்கம். தூசி படாமல் கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தவை அதை அடுத்துப் பரவின. இரண்டு கற்கள் ஒன்றையொன்று தொடும் வகையும் உண்டு.

ஜெர்மானியம் டயோடு வந்ததும் கல்லைத் தடவித் தடவி நல்ல புள்ளி தேடும் வேலை ஒழிந்தது. அமெரிக்காவின் சில்வேனியா 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1என்34 இதில் முன்னோடி. நம் நாட்டுச் செட்டுகளில் அதிகம் காணப்படுவது ஓஏ79. எல்லையிலுள்ள அட்டிபெலேயைத் தாண்டினால் வரும் பெங்களூரில்தான் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) இருக்கிறது. 1954இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஜெர்மானியம் பொருள்களைச் செய்ய ஆரம்பித்தது 1962இல். 'பெல்' முத்திரை உள்ள டயோடு முதலிலிருந்தே அந்தச் செட்டில் இருந்தது என்றால், செட் 1962க்கு முந்தையது அல்ல.

1என்4148 போன்ற சிலிக்கன் டயோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். அது திறக்க அரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கிரிஸ்டல் செட்டுக்கு வரும் சிறு சிக்னலுக்கு அது பொருந்தாது. விவரம் அறியாத யாரோ பின்னாளில் மாட்டியதாக இருக்கும்.

6. திருகாணியின் மரையை அளந்து பாருங்கள்.

இதில் உங்களை வெல்ல ஆளில்லை. டூல் ரூமில் வெர்னியரும் பிட்ச் கேஜும் அன்றாடம் பிடிக்கும் கைகள் உங்களுடையவை. பழைய இங்கிலாந்துச் செட்டுகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைதான் இருக்கும். 4பி.ஏ. திருகாணியின் விட்டம் 3.6 மில்லிமீட்டர், பிட்ச் 0.66. 6பி.ஏ. விட்டம் 2.8, பிட்ச் 0.53. இன்றைய எம்3 திருகாணி விட்டம் 3, பிட்ச் 0.5. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கேஜ் பொய் சொல்லாது. மரையின் கோணமும் வேறு: பி.ஏ. 47.5 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி.

1922 என்று சொல்லி விற்கும் இங்கிலாந்துச் செட்டில் எம்3 திருகாணி இருந்தால், அந்தத் திருகாணியாவது பின்னாளையது. தலையில் நட்சத்திரப் பிளவு உள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களின் நடுவில்தான் தொழிற்சாலைகளுக்கு வந்தது. ஆனால் பி.ஏ. மரை இருப்பதால் மட்டும் செட் இங்கிலாந்தில் செய்தது என்று சொல்லிவிடாதீர்கள். மெட்ரிக் முறை வந்த பிறகும் இந்தியாவில் பி.ஏ. திருகாணி நெடுங்காலம் விற்றது.

7. பலகையையும் ஒயரையும் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள்.

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டு அதன் கறுப்பு நிறம் பழுப்பும் பச்சையும் கலந்ததாக மாறும். பலகையின் உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் வெளுத்தும் இருந்தால், அது நெடுநாள் வெளிச்சத்தில் இருந்திருக்கிறது. ஓரத்தைத் துணியால் தேய்த்தால் லேசான கந்தக வாடை வரும். பேக்லைட்டை லியோ பேக்லண்ட் கண்டது 1907இல். அதை வைத்து மட்டும் காலத்தைச் சுருக்க முடியாது. வார்ப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதிலும் ராக்கெட் வடிவப் பொம்மை செட், பெரும்பாலும் 1950களின் பிற்பகுதியும் 1960களும். பருத்தி அல்லது பட்டு நூல் சுற்றிய காயில் ஒயர் பழமைக்கு ஓரளவு ஆதரவு, பி.வி.சி. உறை போட்ட ஒயர் பிற்காலத்து வேலை.

8. முத்திரைகளை உருப்பெருக்கியால் படியுங்கள்.

இங்கிலாந்தில் பி.பி.சி. 1922 நவம்பர் 14 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது, விற்கும் செட்டுகளில் 'பி.பி.சி.' என்ற வட்ட முத்திரையும், தபால் துறைத் தலைவர் ஒப்புதல் அளித்தார் என்ற வாசகமும், ஜி.பி.ஓ. பதிவு எண்ணும் இருந்தன. 1920களின் நடுவில் அந்த ஏற்பாடு மறைந்தது. எனவே அந்த முத்திரை காலத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடக்கிவிடும். பதிவு எண் மாடலைக் குறிப்பது; அதை ஆண்டு என்று படிக்காதீர்கள்.

அமெரிக்கச் செட்டில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் கடைசித் தேதிக்கு முன் அந்தத் தகடு அச்சாகியிருக்க முடியாது. பிறகு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருள்படும் வாசகம் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952 வரைக்குமான அடையாளம்.

9. காயிலையும் கண்டென்சரையும் அளந்து, செட் எதைக் கேட்கச் செய்யப்பட்டது என்று கணக்கிடுங்கள்.

கம்பெனியில் எல்.சி.ஆர். மீட்டர் வைத்திருக்கும் நண்பர் உங்களில் யாருக்காவது இருப்பார். காயிலின் மதிப்பை மைக்ரோஹென்றியிலும் கண்டென்சரின் மதிப்பை மைக்ரோஃபாரடிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 1884ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 200 மைக்ரோஹென்றி காயிலும் 0.0005 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் இருந்தால் ஏறத்தாழ 596 மீட்டர் வரை போகும். பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் என்பது 490 மீட்டர்; அது இதற்குள் அடங்கும். ஏரியலைக் கோத்தால் இந்தக் கணக்கு சற்று மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

300 முதல் 500 மீட்டர் வரை மட்டும் பிடிக்கும் இங்கிலாந்துச் செட் தொடக்கக் கால நிலையங்களுக்காகச் செய்தது. 1600 மீட்டருக்காகக் கூடுதல் காயில் மாட்டும் இடம் இருந்தால், அங்கே நெட்டலை ஒலிபரப்பு தொடங்கிய 1924க்குப் பிந்தையது. தர்மபுரி பண்பலை இதில் கேட்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது வேறு அலை, வேறு முறை.

10. கடைசியாக வந்த பாகமே வயதின் எல்லை.

இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பத்துப் பாகம் 1924ஐச் சொல்லி, முதலிலிருந்தே இருந்த ஒரு பாகம் 1962ஐச் சொன்னால், செட் 1962 அல்லது அதற்குப் பிறகு செய்தது. பழைய பாகங்களைக் கொண்டு புதிய செட் செய்யலாம். இன்னும் பிறக்காத பாகத்தைக் கொண்டு யாராலும் செய்ய முடியாது.

ஆனால் அந்தப் பாகம் முதலிலிருந்தே இருந்ததா, பழுது பார்க்கும்போது மாட்டியதா என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பற்றவைத்த ஈயத்தைப் பாருங்கள்: எல்லா இடத்திலும் ஒரே மங்கல் இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் பளபளப்பா? வெற்றுத் துளைகள் இருக்கின்றனவா? திருகாணியின் கீழே வேறு அளவு வாஷர் இருந்த வட்டம் தெரிகிறதா? டயோடுக்குப் பக்கத்தில் கல் வைத்த கிண்ணத்தின் துளை இன்னும் இருந்தால், செட் டயோடைவிட மூத்தது; டயோடு பழுதுக்கு வந்த பாகம். அப்படியானால் இரண்டு ஆண்டு வரம்புகளையும் எழுதுங்கள்: செய்த காலம், பழுது பார்த்த காலம்.

11. ஹெட்போனைத் தனிப் பொருளாக நடத்துங்கள்.

செட்டும் ஹெட்போனும் சேர்ந்தே விற்றன என்று எண்ண வேண்டாம். பழையவை 2000, 4000 ஓம் மதிப்புள்ளவை. அந்த எண் பெரும்பாலும் மூடியிலேயே பொறித்திருக்கும். இன்றைய குறைந்த ஓம் ஹெட்போனை நேராக மாட்டினால் ஒன்றும் கேட்காது. செட்டின் மேல் குறை இல்லை. காதில் செருகும் கிரிஸ்டல் இயர்போன் பின்னாளில் பரவியது. அதனுள் இருக்கும் உப்புப் படிகம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

12. துடைக்காதீர்கள்.

பித்தளையைப் பிராசோ போட்டுப் பளபளக்க வைத்தால் திருகாணி வட்டங்களும், எழுத்துகளில் நிரப்பிய வெள்ளைச் சாயமும், பழைய அரக்கும் போய்விடும். நாம் படிக்க வந்த எழுத்தே அவைதான். எபோனைட்டில் சுடுநீர் படக்கூடாது. கல்லை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உணர்வு குறையும், இடுக்கியால் பிடியுங்கள். கலீனா ஈயக் கனிமம் என்பதால் தொட நேர்ந்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பெட்டிக்குள் அடைத்திருக்கும் செய்தித்தாளையும் எறியாதீர்கள். அதிலுள்ள தேதி, பெட்டி கட்டப்பட்ட காலத்துக்கு ஒரு சான்று.

13. அளவுக்கு மீறி அழகாக இருப்பதைக் கண்டு நிதானியுங்கள்.

பழைய மரப்பெட்டியில் புதுக் காயிலையும், ஆசிட் போட்டுக் கறுப்பாக்கிய பித்தளைத் தகட்டையும் சேர்த்து 'அசல் 1920' என்று விற்பது உண்டு. தகட்டின் பின்புறத்தைப் பாருங்கள். முன்பக்கம் கறுத்துப் பின்பக்கம் பளிச்சென்றிருந்தால் கேள்வி கேளுங்கள். மரத்தில் பழைய துளைக்கும் இன்றைய பாகத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி செய்வது குற்றமில்லை. அதைப் பிரதி என்று சொல்லாமல் விற்பதுதான் குற்றம். நீங்களே பிரதி செய்தால் உள்ளே உங்கள் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிடுங்கள்.

14. கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் கவனமாக.

நீண்ட ஏரியல் கட்டும்போது மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். இடி மின்னல் வரும் முன்பே செட்டைக் கழற்றிவிடுங்கள்; அந்த நேரத்தில் காற்றில் தொங்கும் ஒயரைத் தொடாமல் விலகி இருங்கள். வீட்டு மின்சார வயரிங்கை ஏரியலாக்கச் சொல்லும் பழைய செய்முறைத் தாள்களைப் பின்பற்ற வேண்டாம். செட் பேசினால் மகிழுங்கள்; பேசுவது அதன் வயதுக்குச் சான்று ஆகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

15. ஆண்டை வரம்பாக எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்.

'1958' என்று ஒற்றை எண் எழுதுவதைவிட, '1957 ஏப்ரலுக்குப் பின், 1964 ஜூனுக்குள். காரணம்: நயா பைசா விலைச் சீட்டு, ஓஏ79 டயோடு, பி.ஏ. திருகாணி' என்று எழுதுவது பல மடங்கு பயனுள்ளது. பின்னால் வருபவர் உங்கள் காரணத்தைச் சரிபார்க்கலாம், வரம்பை இன்னும் சுருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தடயங்களாவது ஒத்துவந்தால்தான் துணிந்து சொல்லுங்கள். ஒரே கடைக்காரர் சொன்ன மூன்று செய்திகள் ஒரு தடயம்தான்.

16. வீட்டில் செய்த செட்டை மதியுங்கள்.

சந்தையில் விலை ஏறுவது இங்கிலாந்து முத்திரைக்கு. நம் மண்ணின் கதையைச் சொல்வது வேறு செட்: அட்டைக் குழாயில் கையால் சுற்றிய காயில், பலகைத் துண்டு, ஓஏ79, யாரோ ஒரு மாணவர் பென்சிலால் எழுதிய 'ஏரியல்', 'எர்த்'. 1955இல் பெங்களூரு நிலையம் வந்த பிறகு ஓசூரிலும் பாகலூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் இது சாத்தியமாயிற்று. தொழிற்பேட்டை வருவதற்கு முன்பே மின் கருவியைத் தானே செய்துபார்த்த பிள்ளைகள் இந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு அதுவே கையில் பிடிக்கக்கூடிய சான்று. அதற்கு மாடல் எண் கிடையாது, காப்புரிமைத் தகடு கிடையாது. அதனால் அதைப் படிக்க இதுவரை சொன்ன எல்லாமே தேவைப்படும். செய்தவர் உயிரோடிருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்த வகுப்பில் படிக்கும்போது செய்தார், ஒயர் எங்கே வாங்கினார், முதலில் என்ன கேட்டது என்று அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, செட்டோடு சேர்த்து வையுங்கள்.